போர்டு வைக்க அனுமதி கேட்டவன்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்குப் பெரிய போர்டு மாட்ட வேண்டுமென்றால் பேரூராட்சியில் அனுமதி வாங்க வேண்டும் என்று நான் நம்பினேன்.

சிரிக்க வேண்டாம். பதினோரு வருஷம் ஷார்ஜாவில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டியவனுக்கு வேறு எப்படிப் புத்தி போகும்? அங்கே நகராட்சிக்குப் பலதியா என்று பெயர். எங்கள் முதலாளி ஒருநாள் கடைப் பலகையில் உதிர்ந்துபோன ஒரே ஓர் எழுத்தை, தானே ஏணியில் ஏறி, நீலத்துக்குப் பதிலாகப் பச்சையில் எழுதிவிட்டார். நீல டப்பா காய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். மறுநாள் பலதியாக்காரர் வந்தார். வெள்ளை அங்கி, கையில் சின்னப் புத்தகம். அதிகம் பேசவில்லை. அண்ணாந்து பார்த்தார், எழுதினார், அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார், போய்விட்டார். எட்டுப் பேரை ஒரே மூச்சில் ஏசக்கூடிய எங்கள் முதலாளி அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. அந்த அமைதி என் நெஞ்சில் அப்படியே பதிந்துவிட்டது. அல்லாஹ்வுக்கு அடுத்தபடி பயப்பட வேண்டியது போர்டு விஷயத்தில் நகராட்சிக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பியபோது மற்ற சாமான்களோடு அந்தப் பயத்தையும் கட்டிக்கொண்டு வந்தேன். சுங்கத்தில் அதற்கு மட்டும் வரி போடவில்லை.

எங்கள் ஊர் நன்னிலத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கிறது. பஸ் நிற்கும், ஆனால் டிரைவர் இறங்கி டீ குடிக்க மாட்டார். அந்த அளவு ஊர். ஒரே ஒரு கடைத்தெரு. இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு முன்னால் சாக்கடை. சாக்கடையை யாரும் பார்த்ததில்லை. ஒவ்வொரு கடைக்காரரும் அதன்மேல் சிமெண்ட் பலகையோ கருங்கல்லோ போட்டு, அதைப் படியாக்கி, படியின்மேல் பக்கெட்டு, மூட்டை, பெஞ்சு என்று பரப்பி வைத்திருந்தார்கள். கீழே ஒன்று ஓடுகிறது என்பதே ஐப்பசி மழையில் அது மேலே வந்து விசாரிக்கும்போதுதான் தெரியும்.

அந்தத் தெருவில் நான் ‘ஃபாரின் சாமான்’ கடை வைத்தேன். சென்ட், டார்ச் லைட், தைலம், தொழுகை விரிப்பு, கண் சிமிட்டும் பொம்மை, மூன்று பேட்டரி போட்டால் நாலு பாஷையில் மணி சொல்லும் கடிகாரம். நான் ஷார்ஜாவுக்குப் போன காலத்தில் இதில் ஒன்றைக் கொண்டுவந்தால் தெருவே வந்து தொட்டுப் பார்க்கும். நான் பதினோரு வருஷம் இந்தக் கடையைக் கனவு கண்டுகொண்டிருந்த நேரத்தில், யாரோ டில்லியில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள். நான் விமானத்தில் சுமந்து வந்த சாமானெல்லாம் எனக்கு முன்னாலேயே கும்பகோணம் பஸ் ஸ்டாண்டு வாசலில் தள்ளுவண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தது. அதுவும் என் விலையில் பாதிக்கு.

இதை என் மனைவி முதல் மாதமே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, இந்த சென்ட்ட யாரு வாங்குவா? டவுன்ல எல்லாம் கெடைக்குது.”

“கடை இருக்குறதே யாருக்கும் தெரியல. போர்டு சின்னதா இருக்கு.”

“போர்டு சின்னது இல்லைங்க, சாமான் பழசு.”

மூன்றடிக்கு இரண்டடித் தகரம் அந்தப் போர்டு. எனக்கு அது போதவில்லை என்று பட்டது. வியாபாரம் ஆகாததற்கு நூறு காரணம் இருக்கலாம். அதில் நம் மேல் குற்றம் வராத காரணம் எதுவோ அதைப் பிடித்துக்கொள்வதுதான் மனித இயல்பு.

அவசரத்துக்கும் காரணம் இருந்தது. என் மச்சான், மனைவியின் அண்ணன், ஷார்ஜாவிலேயே ஒரு பெரிய கடையின் குடோனுக்கு மேஸ்திரி. வாரத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவார். “மச்சான், எங்க குடோன்ல ஓர் ஆள் வேணும். மொதலாளி எங்கிட்ட விட்டுட்டாரு. பொங்கலுக்குள்ள பாஸ்போர்ட் நகல் அனுப்பு, விசா வந்துரும். கடையெல்லாம் உனக்குத் தோதுப்படாது.” பொங்கல் வரைக்கும் பார்ப்பது, கடை நிற்கவில்லையென்றால் கிளம்பிவிடுவது என்று வீட்டில் பேச்சாகிவிட்டது. மனைவிக்கும் அது சம்மதம். எனக்குத்தான் இல்லை.

ஏன் இல்லை என்பதை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளுக்கு நான் ரொம்ப நாள் ஷார்ஜாவிலிருந்து கேசட்டில் பேசி அனுப்புகிற ஆள். ஊருக்கு வந்த புதிதில் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பாள், “சாப்டீங்களா?” என்பாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல் “வாங்க” என்பாள். கூசிப்போகும். ஒரு வருஷம் பாடுபட்டு, அவளுடைய மிட்டாயைத் திருடித் தின்று, பென்சிலை ஒளித்துவைத்து, தாயக்கட்டையில் கள்ளாட்டம் ஆடி, ஒருவழியாக அவளை என்னோடு சண்டை போட வைத்திருந்தேன். “போங்க அத்தா, நீங்க பொய் சொல்றீங்க!” என்று அவள் முதல் தடவை கத்திய அன்று நான் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் அதிகமாகத் தொழுதேன். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சம்பாதித்த சண்டையை விட்டுவிட்டு மறுபடியும் கேசட்டாக மாற எனக்கு மனசில்லை.

ஆக, என்னை ஷார்ஜாவுக்குப் போகவிடாமல் காப்பாற்றப் போவது ஒரு போர்டு. பன்னிரண்டு அடி நீளம், ஐந்து அடி உயரம். அதுவும் பெட்டி மாதிரி, ரோட்டுப் பக்கம் இரண்டரை அடி நீட்டிக்கொண்டு, மயிலாடுதுறை பஸ்ஸில் வருகிறவனுக்கும் நன்னிலம் பஸ்ஸில் வருகிறவனுக்கும் ஒரே சமயத்தில் தெரிகிற மாதிரி.

போர்டு எழுதுபவர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். எல்லாக் கட்சிக்கும் சுவர் எழுதுபவர் அவர்தான். தேர்தல் சமயத்தில் காலையில் ஒருவரை வாழவைத்து, அதே தூரிகையைக் கழுவி, மாலையில் இன்னொருவரை வாழவைப்பார். அவரிடம் என்ன நிறம் போடலாம் என்று கேட்டேன்.

“பாய், நெறமெல்லாம் எப்பவோ பட்டா போட்டாச்சு. செவப்பு போட்டா ஒரு ஆளு வந்து சந்தா கேப்பாரு. கறுப்பும் செவப்பும் சேத்துப் போட்டா ரெண்டு ஆளு வருவாங்க. பச்ச போட்டா பள்ளிவாசல்னு நெனச்சு செருப்பக் கழட்டிட்டு உள்ள வருவாங்க.”

“உள்ள வந்தாப் போதும். செருப்போட வந்தா என்ன, இல்லாம வந்தா என்ன. மஞ்சள் போடலாமா?”

“மஞ்ச போட்டா கல்யாணப் பத்திரிக்க. நீலமும் வெள்ளையும் போடுங்க. அதுக்குத்தான் இன்னும் யாரும் வரல.”

நிறம் முடிவானது. மறுநாள் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கேதான் நான் ஊரைக் கெடுத்தேன்.

முன்மேசையில் இருந்த கிளார்க் நிமிராமலே கேட்டார்.

“என்ன பாய், பொறப்பு சர்டிபிகேட்டா?”

“இல்லைங்க. போர்டு வைக்கணும்.”

“எங்க, இங்கயா?”

“என் கடையில.”

“உங்க கடையில வைக்கிறதுக்கு இங்க எதுக்கு வந்தீங்க?”

“அனுமதி வேணும்ல?”

அவர் பேனாவை மூடிவைத்தார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, “இங்க வாங்களேன், ஒருத்தரு அனுமதி கேட்டு வந்திருக்காரு” என்றார். அந்த மனிதர் எழுந்து வந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். குடிதண்ணீர் இணைப்புக்குப் படிவம் இருந்தது. வீட்டு வரியில் பெயர் மாற்றப் படிவம் இருந்தது. போர்டுக்கு இல்லை. அலமாரியின் அடித்தட்டிலிருந்து தற்காலிகப் பந்தல் போடும் படிவம் ஒன்றை உருவி எடுத்து, தூசி தட்டி, ‘பந்தல்’ என்பதை அடித்துவிட்டு மேலே ‘போர்டு’ என்று எழுதினார்.

“நிகழ்ச்சின்னு ஒரு எடம் இருக்கு. என்ன போடட்டும்? கல்யாணமா, காதுகுத்தா?”

“வியாபாரம்னு போடுங்க.”

“எத்தன நாளு?”

“காலம் பூரா.”

“காலம் பூரா பந்தல்” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். “நல்லாத்தான் இருக்கு. யாரு பாய் உங்களுக்கு அனுமதி கேக்கணும்னு சொன்னது? எதுத்தாப்புல நக அடகுக் கட போர்டு இருக்கே, அது இந்த ஆபீஸ விடப் பெருசு. அவரு கேட்டாரா?”

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த செயல் அலுவலர் பேச்சைக் கேட்டுவிட்டார். அப்போதுதான் மாற்றலாகி வந்த பெண்மணி. முப்பது வயதுகூட இருக்காது. திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிராமம். என்னை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, படிவத்தை இரண்டு தடவை படித்தார்.

“இந்த ஊருக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. கேட்டுச் செய்யற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன், சார்.”

அந்த ‘சார்’ எனக்கு ஏறிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் நான் பாய். ஷார்ஜாவில் ‘ஏய்’. முதல் தடவையாக ‘சார்’. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, போர்டு இரண்டரை அடி நீட்டிக்கொண்டு இருக்கும், சாக்கடைக்கு நேர் மேலே வரும், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். ஷார்ஜாவில் எப்படி, பலதியா எப்படி என்றும் கொஞ்சம் அளந்தேன்.

“சரி. நீட்டுற எடம் உங்க பட்டாவுல வருதா, பொறம்போக்குல வருதான்னு பாக்கணும்ல. சர்வேயர வரச் சொல்றேன். ஒரு கடைய மட்டும் அளந்தா வம்பு. தெருவ முழுசா அளந்துருவோம்.”

நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். “தெரு முழுசுமா மேடம்? எனக்கு என் போர்டு மட்டும் போதும்.”

“எங்கம்மா நடவுக்குப் போனவங்க, சார். வரப்ப ஒரு சாண் தள்ளி வெட்டுனா எத்தன அருவா வெளிய வரும்னு எனக்குத் தெரியும். அளந்துட்டா எல்லாருக்கும் நல்லது.”

“கேக்காமலே வெச்சிருந்தா?”

“நான் பாத்திருக்க மாட்டேன். நீங்க கேட்டுட்டீங்க. இப்ப ஃபைல் ஆயிடுச்சு.”

மூன்றாம் நாள் அலுவலக வாசலிலும் பஸ் நிறுத்தத்திலும் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கடைத்தெருவில் முகப்பு அளவீடு நடக்கப் போகிறது, கடைக்காரர்கள் பத்திரங்களோடு ஆஜராக வேண்டும் என்று போட்டிருந்தது. அதோடு நின்றிருக்கலாம். கிளார்க் நியாயவான். இன்னாருடைய விண்ணப்பத்தின் பேரில் என்று என் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். பஸ்ஸிலிருந்தே படிக்கலாம். பெரிய போர்டு வேண்டும் என்ற என் ஆசை ஒருவகையில் நிறைவேறிவிட்டது.

பத்து நிமிஷத்தில் பக்கத்து உரக்கடைக்காரர் வந்துவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நிதானமான ஆள். அன்று நிதானம் இல்லை.

“பாய், நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?”

“ஒண்ணும் இல்லண்ணே.”

“எங்க அப்பா போட்ட படி அது. முழுக் கருங்கல்லு. நாப்பது வருசமா கெடக்கு. நீங்க போர்டு வைக்கப் போறீங்களா, எங்க படியப் பேர்க்கப் போறீங்களா?”

“அளக்கத்தான்ணே போறாங்க. இடிக்கச் சொல்லல.”

“அளக்குறதே இடிக்கத்தானே? பொண்ணு பாக்க வந்தவன் காப்பி குடிக்கவா வந்தான்?” போனவர் திரும்பிவந்தார். “எனக்கே வீட்ல ஒருத்தன் பி.எஸ்ஸி. படிச்சுட்டு முப்பது வயசுல சும்மா உக்காந்து பேப்பர் படிக்கிறான், எந்தம்பி. அவனால வர்ற எளவே போதும்னு இருக்கேன். இப்ப நீங்க வேற.”

எதிரே டீக்கடை. அந்த அண்ணன் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். நான் போய் உட்கார்ந்ததும் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: “பாய்க்கு ஒரு டீ. கிளாஸ்ல முழுசா ஊத்து. அளந்து பாப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீயில் சர்க்கரை இல்லை.

விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று ஓடினேன். “வாபஸ் வாங்கறதுக்கும் ஃபாரம் இல்ல பாய்” என்றார் கிளார்க். “பந்தலப் பிரிக்கிற ஃபாரம் ஒண்ணு இருக்கு. ஆனா நீங்க இன்னும் போடவே இல்லையே.”

அன்றிலிருந்து எனக்குப் பயம் முற்றிவிட்டது. தொழுகையில் நிற்கும்போதுகூடக் கடப்பாரைச் சத்தம் கேட்டது. என்னால் நாற்பது கடை இடிந்து, நாற்பது குடும்பம் சபித்து, கடைசியில் நான் ஷார்ஜாவுக்கே ஓடிப்போவது போலவும், விமான நிலையத்தில் டீக்கடை அண்ணன் நின்று கையசைப்பது போலவும் தோன்றியது. இப்படி நாலு நாள் யோசித்த மூளை ஐந்தாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தது. என் படியை நானே இடித்துவிடுவது. எல்லாருக்கும் முன்னால் என் படி போய்விட்டால், பாய் தன் படியை மட்டும் காப்பாற்றிக்கொண்டார் என்று யாரும் சொல்ல முடியாதல்லவா? மேடமும் மெச்சுவார். அப்போது இது எனக்கு அபாரமான யோசனையாகத்தான் பட்டது.

மதியம் லுஹர் தொழுதுவிட்டு, தெரு சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம், இரவல் கடப்பாரையோடு இறங்கினேன். சிமெண்ட் பலகை நான் நினைத்ததைவிட நேர்மையானது. மூன்று அடிக்கு அசையவில்லை. நாலாவது அடியில் மொத்தமாகப் புரண்டது, நானும் கூடவே போனேன். முழங்கால்வரை சாக்கடை. ஒரு கையில் கடப்பாரை, ஒரு கையில் கைலி. எதிரே டீக்கடை அண்ணன் கிளாஸைக் கழுவிக்கொண்டே பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. குத்திப் பேசாமல் அவர் விட்டாரென்றால், நான் இடிப்பதை ஆபீஸ் உத்தரவாகவே எடுத்துக்கொண்டார் என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் செய்தி தெருக்கோடி போய்விட்டது. ‘பாயே இடிச்சுட்டாரு. ஆபீஸ்ல அவருக்கு ஆள் இருக்கு. அந்தம்மாவே சார்னு கூப்புடுது. நாளைக்கு புல்டோசர் வருதாம். மிஷின் வந்தா சுவரோட போயிடுமாம், நாமளா எடுத்துட்டா கல்லாவது மிஞ்சும்.’ பொழுது சாயும் முன்னால் தெருவெங்கும் கடப்பாரை. பாத்திரக்கடை இடித்தது, சைக்கிள் கடை இடித்தது, என்னைச் சபித்துக்கொண்டே ஜவுளிக்கடை இடித்தது. உரக்கடைக்காரர் மட்டும் இரண்டு ஆளை வைத்து, அப்பா போட்ட கல்லை உடையாமல் எடுக்கப் பார்த்தார். தூக்கும்போது நழுவி இரண்டாகப் பிளந்தது.

நான் ஓடினேன். “அண்ணே, யாரும் இடிக்கச் சொல்லலண்ணே!”

“அப்ப நீங்க எதுக்கு இடிச்சீங்க?”

“பயத்துலண்ணே.”

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “பயத்துல இடிக்கிறேன்னு ஒரு போர்டு எழுதி மாட்டியிருக்கலாம்ல பாய்? நாங்க பேசாம இருந்திருப்போம்.”

அதற்கப்புறம் ஒரு வாரம் தெரு முழுக்கப் பலகைப் பாலம். சாமான் வாங்க வருகிறவர்கள் கழைக்கூத்தாடி மாதிரி கையை விரித்துக்கொண்டு வந்தார்கள். சம்பாவுக்குக் கடைசி மேலுரம் போடுகிற நேரம். உரக்கடையில் யூரியா மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு பலகையில் கால்வைத்த ஒரு விவசாயி நழுவினார். ஆள் தப்பித்தார், மூட்டை சாக்கடையில். டீக்கடை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சாக்கடைக்கு உரம் வெச்சாச்சு. இனிமே தூர் கட்டி நல்லா வளரும்.”

சொன்ன தேதியில் சர்வேயர் வந்தார். சங்கிலி, ஒரு பழைய வரைபடம், பிடித்துக்கொள்ள ஓர் ஆள். செயல் அலுவலரும் குடையோடு வந்து நின்றார். மதகு ஓரத்தில் குப்பையைக் கிளறி ஓர் எல்லைக்கல்லைக் கண்டுபிடித்தார்கள். தெருவின் அடுத்த முனையில் இன்னொன்று. அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே என்று இரண்டு மணி நேரம் சங்கிலி போனது. நாற்பது கடைக்காரர்கள் பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நான் கொஞ்சம் தள்ளி, ஓடத் தோதான இடத்தில் நின்றேன்.

சர்வேயர் வரைபடத்தை மடித்துக்கொண்டே, சாப்பாட்டுக்கு நேரமாச்சு என்கிற குரலில் சொன்னார்: “மேடம், ரோடு சரியாத்தான் இருக்கு. சாக்கடைதான் கடைக்காரங்க பட்டாவுல ஓடுது. வெட்டுனப்ப தள்ளி வெட்டிட்டாங்க போலருக்கு.”

மேடம் வரைபடத்தை வாங்கித் தானே இரண்டு தடவை பார்த்தார். மறைக்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னார். “தப்பு எங்க ஆபீஸுதுதான். உங்க படியெல்லாம் உங்க சொந்த எடத்துலதாங்க இருந்துச்சு.”

தெருவில் சத்தமே இல்லை. அப்புறம் நாற்பது தலையும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பின. ஷார்ஜாவில் பலதியாக்காரர் போன பிறகு இருந்த அமைதி இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.  ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். உரக்கடைக்காரர் பிளந்துகிடந்த கல்லின் பெரிய துண்டின்மேல் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“எங்க அப்பா கும்மோணத்துலேருந்து வண்டி கட்டி எடுத்துட்டு வந்த கல்லு பாய்” என்றார். அவ்வளவுதான். கையால் கல்லின் மேல் இருந்த மண்ணைத் தட்டினார்.

அப்போது என் வாயிலிருந்து வந்தது நான் யோசித்துச் சொன்னது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கடப்பாரையைத் தூக்கிய அதே புத்திதான் பேசியது.

“அண்ணே, ஷார்ஜாவுல ஒரு விசா இருக்கு. குடோன் வேல. எங்க மச்சான் எனக்காக வெச்சிருக்காரு. உங்க தம்பிக்குத் தந்துர்றேன்.”

அவர் நிமிர்ந்தார். “வெளையாடாதீங்க பாய்.”

“அல்லா மேல ஆணையா. பாஸ்போர்ட் இருக்கா அவருக்கு?”

“இருக்கு. எடுத்து மூணு வருசமாச்சு. பொட்டியில கெடக்கு.” கல்லிலிருந்து எழுந்தார். “அப்ப நீங்க?”

அந்தக் கேள்வியை நான் அதுவரை என்னிடமே கேட்டிருக்கவில்லை.

எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மச்சானுக்குப் போன் போட்டேன். கதை முழுவதையும் கேட்டார். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. 

“ஏன் மச்சான், உன் சொந்தக் கடையில உன் சொந்தப் போர்டு மாட்ட ஊரையெல்லாம் அனுமதி கேட்ட. என் விசாவத் தூக்கிக் குடுக்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தோணலயா?”

“கேட்டா வம்பாகுது மச்சான். அனுபவத்துல சொல்றேன்.”

வெகுநேரம் அவர் ஏசினார். பிறகு, “ஆளு நாணயமானவனா?” என்றார். “பேப்பர் நல்லா படிப்பாரு” என்றேன். “நகல அனுப்பித் தொலை” என்று வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொல்ல எனக்கு ஒரு நாள் பிடித்தது. சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அகப்பை அப்படியே நின்றது.

“குடுத்துட்டீங்களா?”

“ம்.”

“கேக்காம?”

“ம்.”

“பொங்கலுக்கு அப்பறம் என்ன சாப்புடுறதா உத்தேசம்? அந்தக் கடிகாரத்தையா?”

 அவள் குழம்பை ஊற்றினாள். ஊற்றிய விதத்தில் நாலு பாஷையிலும் திட்டு இருந்தது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது முதுகுக்குப் பின்னால் சொன்னாள்: “நாளைலேருந்து கடையில நான் உக்காருறேன். அந்த சென்ட் அலமாரிய காலி பண்ணுங்க. கும்மோணத்துல நைட்டி மொத்த வெலைக்குத் தர்றாங்களாம். இந்த ஊர்ல பொம்பளைங்க நைட்டி வாங்க ஆம்பள கடைக்குப் போயி நெளிஞ்சுகிட்டு நிக்கிறாங்க.”

பொங்கலுக்கு முன்னால் தெருவில் எல்லோரும் படியைத் திரும்பக் கட்டினார்கள். நானும் கட்டினேன். உரக்கடைக்காரர் பிளந்த கல்லை அப்படியே இரண்டு படியாகப் போட்டுக்கொண்டார். அவருடைய தம்பி மாசியில் சென்னைக்கு ரயிலேறி, அங்கிருந்து ஷார்ஜா போனார். போர்டுக்கான அனுமதி அதற்கு மறுவாரம் வந்தது. பன்னிரண்டு அடிக்கு ஐந்து அடி, இரண்டரை அடி நீட்டலோடு, கேட்டபடியே முழுசாக. நீலத்திலும் வெள்ளையிலும் எழுதி மாட்டினேன். பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. கடை நின்றது நைட்டியால். நான் அதற்கப்புறம் ஷார்ஜாவுக்குப் போகவில்லை.